நம்பாதவர்கள் காத்த கதைகள்

அயர்லாந்தின் ஷானன் நதிக் கரையில் கெல்டிக் தெய்வங்களின் கதைகளை எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவத் துறவிகள். நதியோடு ஒரு பயணம்.

1106ஆம் ஆண்டு. ஷானன் நதியின் வளைவில் இருந்த க்ளோன்மக்னாய்ஸ் மடத்துக்குள் கொள்ளையர்கள் நுழைந்தார்கள். கல்லால் கட்டப்பட்ட பெரிய தேவாலயத்தின் நடுவிலேயே ஒருவரைக் கொன்று போட்டார்கள். அவர் பெயர் மேல் முரே. போர்வீரர் அல்ல, பிரபுவும் அல்ல. மடத்தின் ஏட்டெழுத்தர்.

மேல் முரே இறந்தார். அவர் எழுதிய சுவடி பிழைத்தது. 'பழுப்புப் பசுவின் புத்தகம்' என்று பெயர். மடத்தை நிறுவிய புனித கீரான் வளர்த்த பசுவின் தோலில் எழுதப்பட்டது என்று ஐதீகம். இன்று எஞ்சியிருப்பவை 67 ஏடுகள். டப்ளினில் உள்ள ராயல் ஐரிஷ் அகாதமியில் பத்திரமாக இருக்கின்றன. ஐரிஷ் மொழி இலக்கியத்தைத் தாங்கிய சுவடிகளில் இன்று கிடைப்பவற்றிலேயே பழையது இதுதான்.

ஒரு கிறிஸ்தவ மடத்தில் எழுதிய புத்தகத்தில் என்ன இருக்கும்? கிறிஸ்தவ விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சுவடியைப் புகழ்பெறச் செய்தவை அவையல்ல. மந்திரக் குகைகள், மாயத் தீவுகள், தனி ஆளாக ஒரு படையையே தடுத்து நிறுத்தும் கூஹூலின் என்ற இளைஞன், ஒரு காளைக்காகப் போர் தொடுக்கும் மேவ் என்ற ராணி. கிறிஸ்துவின் பெயர் அந்தத் தீவை எட்டுவதற்கு முந்தைய உலகம் அது.

அயர்லாந்துக்குப் போகும் பயணிகளில் பலர் இரண்டில் ஒன்றைத் தேடிப் போகிறார்கள். சிலருக்குக் கெல்டிக் மர்மங்கள். சிலருக்குப் புனிதர்களின் கல்லறைகள். 360 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கும் ஷானன், இரண்டையும் பிரித்துக் காட்ட மறுக்கிறது.

கிணற்றில் பிறந்த நதி

தீவின் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு வடிகாலாக இருக்கும் ஷானன், கேவன் மாவட்டத்தில் கில்கா மலைச் சரிவில் ஒரு சிறிய குட்டையிலிருந்து புறப்படுகிறது. நதிக்குப் பெயர் தந்தவள் சினன் என்ற பெண். கடல் தெய்வமான லேரின் பேத்தி. ஞானம் ஊறும் ஒரு கிணற்றை நாடிப் போனாள். நீர் அவளை இழுத்துச் சென்று மூழ்கடித்தது. அந்த நீர்தான் நதி.

கதை கெல்டிக். அதை எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவர்கள். கெல்டிக் பூசாரிகளான 'ட்ரூயிட்'கள் தங்கள் வித்தையை எழுதி வைக்கவில்லை. பழைய அயர்லாந்தின் சொந்த எழுத்து, கல்லின் விளிம்பில் கோடு கோடாகக் கீறப்பட்ட 'ஓகம்'. ஒரு பெயரையும் தகப்பன் பெயரையும் பொறிக்கத்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது. காவியம் எழுத அல்ல. லத்தீன் எழுத்தும் தோல் சுவடியும் மடங்களோடு வந்தன. ஆகவே அயர்லாந்தின் பழைய தெய்வங்களைப் பற்றி நமக்குத் தெரிந்த கதைகளெல்லாம் சிலுவையை வணங்கிய ஒருவரின் பேனா வழியாகவே வந்தவை.

'கெல்டிக்' என்ற சொல்கூடப் பின்னால் வந்ததுதான். அந்தக் கால அயர்லாந்து மக்கள் தங்களைக் கெல்ட் என்று அழைத்துக்கொண்டதில்லை. 1707ல் வேல்ஸ் நாட்டு அறிஞர் எட்வர்ட் லூயிட், ஐரிஷ், வெல்ஷ், பிரெட்டன் போன்ற மொழிகளின் உறவை எடுத்துக் காட்டிய பிறகே இந்த அடையாளம் அவர்கள் மேல் நிலைபெற்றது.

நரக வாசலும் சீஸ் கட்டியும்

ஆலன் ஏரியைக் கடந்து நதி தெற்கே இறங்குகிறது. படகு வாடகைக்குக் கிடைக்கும் கேரிக் ஊரில் நதியை விட்டு, தென்மேற்கே சிறிது தூரம் போனால் வருவது ராத்க்ரோகன். ராணி மேவின் தலைநகரம் இது என்கின்றன கதைகள். மாடமாளிகைகளை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். கண்ணுக்குத் தெரிவது புல் மேடுகளும் மேயும் ஆடுமாடுகளும். ஆனால் இந்த வயல்வெளியில் 200க்கும் அதிகமான தொல்லியல் இடங்கள் இருக்கின்றன. புதைமேடுகள், வட்டக் கோட்டைகள், மண் கரைகள். தாஜ்மகால் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை பிடிபடச் சற்று நேரமாகும்.

வேலி ஓரம் ஒரு பொந்து. அதற்குள் தவழ்ந்து நுழைந்தால் குகை. 'பூனைக் குகை' என்கிறார்கள். நவம்பர் பிறக்கும் இரவில், சாவைய்ன் பண்டிகையின்போது, வேற்றுலகத்தின் கதவு இங்கே திறக்கும் என்பது நம்பிக்கை. உலகமே கொண்டாடும் ஹாலோவீனின் வேர் அந்தப் பண்டிகையில் இருக்கிறது. கிறிஸ்தவ எழுத்தர்கள் இந்தக் குகைக்கு வைத்த பெயர்: அயர்லாந்தின் நரக வாசல். பெயர் வைத்துப் பயமுறுத்தினார்களே தவிர, கதையை விட்டுவிடவில்லை. குகை வாயிலின் மேல் கல்லில் ஓகம் எழுத்தில் ஒரு பெயர்: 'மேவின் மகன் ஃப்ரேக்'. கதையின் ராணிதானா இந்த மேவ்? கல் அதற்கு மேல் பேசுவதில்லை.

மேவ் பங்கேற்ற பெரும் கதை, 'டாயின்' என்ற காவியம். கணவனும் மனைவியும் படுக்கையில் யாருக்குச் சொத்து அதிகம் என்று வாக்குவாதம் செய்கிறார்கள். எல்லாம் சமம், கணவனிடம் ஒரு காளை அதிகம். அதற்கு இணையான காளையைப் பிடித்து வரப் படை கிளம்புகிறது. நம் புலவர்கள் வெட்சி என்று தனித் திணையே வகுத்த ஆநிரை கவர்தல், இங்கே காவியமாகியிருக்கிறது.

திரும்ப நதிக்கு வந்தால் ரீ ஏரி. அதன் கிழக்கே, கோர்லியா என்ற சதுப்பு நிலத்தில் 1984ல் ஒரு மரச் சாலை வெளிப்பட்டது. அகலமான ஓக் பலகைகளைத் தண்டவாளக் கட்டைபோல் அடுக்கிய சாலை. ஒரு கிலோமீட்டர் நீளம். மர வளையங்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், மரங்கள் வெட்டப்பட்ட ஆண்டையே சொல்லிவிட்டார்கள்: கி.மு. 148. அத்தனை உழைப்பில் உருவான சாலை தன் எடை தாங்காமல் சில ஆண்டுகளிலேயே சதுப்புக்குள் அமிழ்ந்துபோனது. அமிழ்ந்ததால்தான் அழுகாமல் மிஞ்சியது. அதில் 18 மீட்டரை, ஈரப்பதம் காக்கும் கூடம் ஒன்றில் இன்று பார்க்கலாம்.

சாலையைக் கண்டுபிடிக்க வைத்ததும் அதற்கு ஆபத்தானதும் ஒன்றேதான். இந்தச் சதுப்பின் மண்ணை வெட்டிக் காயவைத்தால் எரியும். அதை இயந்திரங்கள் மூலம் மின் உற்பத்திக்காக வெட்டி எடுத்து வந்தது அரசு நிறுவனமான போர்ட் நா மோனா. வெட்டியதால் சாலை தெரிந்தது. வெட்டியதாலேயே அதன் பெரும்பகுதி போனது. ரீ ஏரியின் தலைமாட்டிலும், கீழே ஷானன்பிரிட்ஜிலும் இந்த மண்ணை எரித்து வந்த மின் நிலையங்கள் 2020 இறுதியில் மூடப்பட்டன. அடுத்த மாதமே மண் வெட்டுவதும் முடிவுக்கு வந்தது. சுற்றுச்சூழலுக்கு நல்ல செய்தி. அந்த வேலையை நம்பியிருந்த ஊர்களுக்கு அவ்வளவு நல்ல செய்தியல்ல.

ரீ ஏரிக்குள் ஒரு தீவு, இன்ச்க்ளேரான். மேவ் ராணி செத்தது இங்கேதான் என்கிறது கதை. தன் சகோதரியையே கொன்றவள் அவள். கொல்லப்பட்டவளின் மகன் ஃபர்பிட வருடக் கணக்கில் கவண் எறிந்து பழகினான். ஒருநாள் மேவ் தீவில் குளித்துக்கொண்டிருந்தபோது, கரையிலிருந்து குறி வைத்தான். கையில் கல் இல்லை. தின்றுகொண்டிருந்த காய்ந்த சீஸ் கட்டியை வைத்து எறிந்தான். நெற்றியில் பட்டு ராணி விழுந்தாள். அதே தீவில் 6ஆம் நூற்றாண்டில் புனித டியர்மிட் மடம் அமைத்தார். இடிந்த தேவாலயங்கள் நிற்கின்றன. ராணியின் சாவுக் கதையும் போகவில்லை.

நாற்சந்தியில் ஒரு மடம்

ரீ ஏரியின் தெற்கு முனையில் அத்லோன் நகரம். டப்ளினிலிருந்து ரயில் வசதி உண்டு. கோடையில் இங்கிருந்து படகில் கிளம்பினால் நதி மெதுவாக, வளைந்து வளைந்து போகிறது. நாட்டின் நடுப்பகுதி தட்டையானது, நதிக்கு அவசரமில்லை. குளிர்காலத்தில் கரை தாண்டிப் புல்வெளிகளில் பரவி நிற்கும். 2009லும் 2015-16 குளிர்காலத்திலும் அளவு மீறிப் பரவியதில் கரையோர மக்கள் வீடுகளை இழந்து தவித்தார்கள்.

ஒரு வளைவில் திடீரென்று வட்டக் கோபுரம் தெரிகிறது. க்ளோன்மக்னாய்ஸ். கி.பி. 544ஆம் ஆண்டை ஒட்டி, தேர் செய்யும் தச்சரின் மகன் கீரான் இங்கே வந்து இறங்கினார். அவர் முதல் கம்பத்தை நட்டபோது கூடப் பிடித்தவர் டியர்மிட் என்ற இளவரசன். பிறகு அரசனானான் என்கிறது அவரது வரலாறு. சில மாதங்களிலேயே கொள்ளைநோயில் கீரான் இறந்தார். வயது 33.

ஏன் இந்த இடம்? அயர்லாந்தைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் பழைய பெருவழி, பனிக்காலம் விட்டுச் சென்ற மணல் மேட்டின் மேல் ஓடியது. இரு பக்கமும் சதுப்பு. அந்த வழி ஷானனைச் சந்தித்தது இங்கே. இன்று ஒதுங்கிய கிராமப்புறமாகத் தெரியும் இடம், அன்று நாட்டின் நாற்சந்தி. 1990களில் நதியின் அடியில் மூழ்கித் தேடிய ஆய்வாளர்கள், மடத்தின் அருகே ஓக் மரப் பாலத்தின் கால்களைக் கண்டுபிடித்தார்கள். மரம் வெட்டிய ஆண்டு கி.பி. 804.

ஆகவே மாணவர்கள் வந்தார்கள், வியாபாரிகள் வந்தார்கள், கூடவே கொள்ளையரும் வந்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகளின் தலைவன் துர்கேஸ் மடத்தைப் பிடித்தபோது, அவன் மனைவி ஓட்டா உயர்பீடத்தில் ஏறி அமர்ந்து குறி சொன்னாளாம். ஆனால் பழியை வைக்கிங்குகள் மேல் மட்டும் போட முடியாது. ஐரிஷ் அரசர்களே அவர்களைவிட அதிக முறை மடத்தைக் கொளுத்தியிருக்கிறார்கள். 764ல் க்ளோன்மக்னாய்ஸ் துறவிகளின் கூட்டத்துக்கும் துரோ மடத்தின் கூட்டத்துக்கும் நடந்த சண்டையில் துரோ தரப்பில் 200 பேர் விழுந்தார்கள். புனிதர்களின் தீவு என்று பெயர் வாங்கிய நாட்டின் கதை இது.

அத்தனைக்கும் நடுவில் உளிச் சத்தம் நின்றதில்லை. 909ல் மடாதிபதி கோல்மனும் அரசன் ஃப்ளான் சின்னாவும் பெரிய தேவாலயத்தைக் கட்டினார்கள். மேல் முரே கொலையுண்டது இதற்குள்தான். அதன் எதிரே நிறுத்திய 'வேதச் சிலுவை' நான்கு மீட்டர் உயர ஒரே கல். பெரும்பாலான புடைப்புச் சிற்பங்கள் பைபிள் காட்சிகள். ஒன்றில் மட்டும் இருவர் சேர்ந்து ஒரு கம்பத்தைப் பிடித்து நிற்கிறார்கள். கீரானும் டியர்மிடும் என்பது பலரது கருத்து. மழையும் காற்றும் சிற்பங்களை அரித்ததால், மூல சிலுவைகள் மூன்றையும் கூடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே நிற்பவை பிரதிகள்.

சிலுவைகளைவிட மனதைத் தொடுபவை கல்லறைக் கற்கள். 700க்கு மேல் இருக்கின்றன, துண்டுகளும் முழுமையுமாக. ஒரு சிலுவை, ஒரு பெயர், அவருக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஐரிஷ் வரி. அவ்வளவுதான். அறைக்குள் அறைபோலச் சிறுத்த ஒரு கோயில், கீரானின் சமாதி என்று கருதப்படுவது. அதன் மண்ணை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக எடுத்துப் போய் வயலின் மூலைகளில் தூவினார்கள். பயிருக்கும் மாட்டுக்கும் நோய் வராதாம்.

1552ல் அத்லோன் கோட்டையின் ஆங்கிலேயப் படை வந்தது. மணிகள், சிலைகள், புத்தகங்கள், ஜன்னல் கண்ணாடி வரை கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனது. ஆயிரம் ஆண்டு மடம் அதோடு முடிந்தது. பழுப்புப் பசுவின் புத்தகம் அப்போது இங்கே இல்லை. வேறொரு சண்டை அதை எப்போதோ காப்பாற்றியிருந்தது. 1359ல் ஓடானல் குடும்பத்தினர், எதிரியிடம் சிக்கியவரை மீட்க இந்தப் புத்தகத்தைப் பிணைத்தொகையாகக் கொடுத்தார்கள். 1470ல் அதை மீட்டுக்கொண்டார்கள். ஒரு உயிருக்கு ஈடாக ஒரு புத்தகம். அந்த நாட்டில் எழுத்தின் விலை அது.

இந்த இடிபாடுகள் 1955 வரை புராட்டஸ்டன்ட் பிரிவான அயர்லாந்து திருச்சபையின் கையில் இருந்தன. பிறகு அரசிடம் வந்தன. 1979 செப்டம்பர் 30 அன்று போப் இரண்டாம் ஜான் பால் வந்து பிரார்த்தித்தார். யார் முதலில் இருந்தது, யாருக்குச் சொந்தம் என்று தரையைத் தோண்டிப் பார்க்கும் அவசரம் இந்தியப் பயணிக்குப் புதிதல்ல. அப்படிப்பட்டவர் இங்கே சற்று நிற்பது நல்லது.

நம்பாத எழுத்தர்

நதியோடு தெற்கே இறங்கினால் மேற்குக் கரைப் பக்கம் க்ளோன்ஃபெர்ட். தோல் படகில் மேற்குக் கடலில் சொர்க்கத் தீவைத் தேடிப் போனதாகச் சொல்லப்படும் புனித பிரெண்டன் 6ஆம் நூற்றாண்டில் நிறுவிய இடம். 1976-77ல் டிம் செவரின் என்ற பயணி அதேபோன்ற தோல் படகைக் கட்டி அமெரிக்கக் கரை வரை போய்ச் சேர்ந்து, அது முடியாத காரியமல்ல என்று காட்டினார். க்ளோன்ஃபெர்ட்டின் பெருமை அதன் 12ஆம் நூற்றாண்டு வாசல். வளைவுக்குள் வளைவாக ஆறு அடுக்கு. மேலே முக்கோணத்தில் வரிசை வரிசையாக மனிதத் தலைகள். வெட்டிய தலையைப் போற்றிய பழைய கெல்டிக் வழக்கத்தின் மிச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். வெறும் அலங்காரம் என்பவர்களும் உண்டு. தலைகள் இரு தரப்பையும் ஒரே மாதிரி பார்க்கின்றன.

அடுத்தது நதியின் பெரிய ஏரியான டெர்க். அதன் கிழக்குக் கரையில் டெரிக்ளாஸ் கிராமம். பயணிகள் படகைக் கட்டிவிட்டுச் சாப்பிட இறங்கும் இடம். ஆனால் இந்தப் பயணத்தின் மையப் புள்ளி இங்கேதான் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இந்த மடத்தின் தலைவர் ஏட் ஓ க்ரிஃபின். அவர் தலைமையில் உருவான 'லென்ஸ்டர் புத்தகம்' இன்று டப்ளின் டிரினிடி கல்லூரியில் இருக்கிறது. மேவின் மாட்டுப் போர்க் கதை முழுமையாக, செம்மையாகக் கிடைப்பது அதில்தான்.

கதையை எழுதி முடித்த எழுத்தர் இரண்டு குறிப்புகள் சேர்த்தார். முதலாவது ஐரிஷ் மொழியில்: எதையும் கூட்டாமல் குறைக்காமல் இதே வடிவில் மனப்பாடம் செய்பவர்களுக்கு ஆசி. இரண்டாவது லத்தீனில்: இந்தக் கதையை, கட்டுக்கதையை, எழுதிய நான் இதில் பலவற்றை நம்பவில்லை, சில பிசாசின் ஏமாற்று வேலை, சில கவிஞர்களின் கற்பனை, சில முட்டாள்களை மகிழ்விக்க வந்தவை என்ற பொருளில்.

இதைத் தந்திரம் என்று சிலர் வாசிக்கலாம். மேலதிகாரிகளுக்குப் பயந்து போட்ட பாதுகாப்பு வரி என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். நம்பாத கதையை ஏடு ஏடாக எழுதினார். தோலுக்கு விலை அதிகம். ஒரு புத்தகத்துக்கு எத்தனையோ கன்றுகள் வேண்டும். எழுதிவிட்டு, மாற்றிவிடாதீர்கள் என்று தாய்மொழியில் வேண்டிக்கொண்டார். தனக்கு நம்பிக்கையில்லை என்பதைப் படித்தவர் மொழியில் ஒதுக்கிச் சொன்னார். பிடிக்காததை அழிப்பதும் பிடித்ததைப் பூசிப்பதும் எளிது. உடன்படாததை ஒரு எழுத்து பிசகாமல் காப்பது அரிய குணம். அயர்லாந்தின் பழங்கதைகள் அந்தக் குணத்தில்தான் உயிர் பிழைத்தன.

எல்லாம் அப்படியே வந்தன என்று சொல்லிவிட முடியாது. தெய்வங்கள் எழுத்தர் கையில் அரசர்களாகவும் மாயாவிகளாகவும் சுருங்கின. எதை விட்டார்கள், எதைத் திருத்தினார்கள் என்பதில் அறிஞர்களின் வாதம் ஓயவில்லை. கிறிஸ்தவப் பூச்சைச் சுரண்டினால் அசல் கெல்டிக் தங்கம் கிடைக்கும் என்று வருபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பூச்சும் பொன்னும் ஒரே உலையில் உருகியவை.

ஏரிக்குள் இருக்கும் இனிஷ் கெல்ட்ரா என்ற புனிதத் தீவு இதற்குச் சாட்சி. மவுண்ட்ஷானன் கிராமத்திலிருந்து படகில் போகலாம். கூரையிழந்த வட்டக் கோபுரம், 7ஆம் நூற்றாண்டுத் துறவி கேமினின் பெயர் தாங்கிய கோயில், புனிதக் கிணறு. அயர்லாந்து எங்கும் இப்படிப்பட்ட கிணறுகள். பக்தர்கள் அவற்றை வலம் வருகிறார்கள், சூரியன் போகும் திசையில், இடம் வராமல். அருகே மரமிருந்தால் துணி கிழித்து முடிந்து வேண்டிக்கொள்கிறார்கள். நம்மவருக்கு விளக்கமே தேவைப்படாது.

ஏரி முடியும் இடத்தில் கில்லலோ. வைக்கிங்குகளை அடக்கிய அரசன் பிரையன் போருவின் ஊர். இங்குள்ள ஃப்ளானன் பேராலயத்தில் ஒரு உடைந்த சிலுவைக் கல். ஒரு பக்கம் வைக்கிங்குகளின் ரூனிக் எழுத்தில், தோர்கிரிம் இந்தச் சிலுவையைச் செதுக்கினான் என்ற செய்தி. இன்னொரு பக்கம் ஓகம் எழுத்தில், தோர்கிரிமுக்கு ஆசி. ஆயிரம் ஆண்டுக்கு முன், கொள்ளையரின் பேரனோ கொள்ளுப்பேரனோ, உள்ளூர் எழுத்தில் ஆசி வாங்கியிருக்கிறான்.

அருகில் இன்னொரு சின்னக் கற்கோயில், புனித மோலுவாவின் பெயரில். அது இருந்த இடம் நதிக்குள் ஒரு தீவு. சுதந்திரம் பெற்ற புதிய நாடு, கீழே அர்ட்னக்ரஷாவில் 1929ல் தன் முதல் பெரிய நீர்மின் நிலையத்தைத் திறந்தது. நீர்மட்டம் உயர்ந்து தீவு மூழ்கும் நிலை. கோயிலைக் கல் கல்லாகப் பிரித்துக் கரையில் மறுபடி கட்டினார்கள். பிற்பாடு நாகார்ஜுனகொண்டாவில் நாம் செய்தது போலவே.

மூன்றாவது மீட்பு

லிமெரிக் நகரைத் தாண்டியதும் நதி கடலாக விரியத் தொடங்குகிறது. கழிமுகத்தின் வடகரையில் டூனஹா என்ற ஊரில் 1794ல் பிறந்தவர் யூஜின் ஓகரி. விவசாயி மகன், கூலி வேலை செய்தார், லிமெரிக் மனநோய் விடுதியில் காவலராக இருந்தார். பழைய சுவடிகளைப் படிக்கும் வித்தையைப் பள்ளியில் அல்ல, குடும்பத்திலும் தானாகவும் கற்றார். 1830களில் நில அளவைத் துறை ஊர்ப் பெயர்களையும் பழஞ்சின்னங்களையும் பதிவு செய்யக் கிளம்பியபோது அவரைச் சேர்த்துக்கொண்டது. 1854ல் டப்ளின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் வரலாற்றுப் பேராசிரியரானார்.

அந்த வேலை எவ்வளவு அவசரமானது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பல லட்சம் பேர் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய ஏழைகள்தான் அதிகம் போனார்கள். சுவடி இருந்தது, அதன் மொழி பேசும் வாய்கள் குறைந்தன.

ஓகரி 1862ல் இறந்தார். அதே ஆண்டு டப்ளின்காரரான விட்லி ஸ்டோக்ஸ் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். தொழில் வழக்கறிஞர். 1865ல் மெட்ராஸில் இந்து சட்ட நூல்களைத் தொகுத்து வெளியிட்டார். பிறகு கல்கத்தா. 1877 முதல் 1882 வரை வைஸ்ராயின் கவுன்சிலில் சட்ட உறுப்பினர். சிவில், கிரிமினல் நடைமுறைச் சட்டங்களை வகுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

இது பகல் வேலை. மற்ற நேரங்களில் பழைய ஐரிஷ் சுவடிகளோடு மல்லுக்கட்டினார். அவரது பழைய ஐரிஷ் பதிப்புகள் சில கல்கத்தாவிலேயே அச்சேறின. ஊர் திரும்பிய பின் கீரான், பிரெண்டன், செனன் ஆகியோரின் வரலாறுகளை 1890ல் பதிப்பித்தார். க்ளோன்மக்னாய்ஸோடு தொடர்புள்ள திகர்னக் ஆண்டுக் குறிப்புகளையும் வெளியிட்டார். அவர் சகோதரி மார்கரெட், க்ளோன்மக்னாய்ஸின் கல்லறைக் கற்களை ஓவியர் ஜார்ஜ் பெட்ரி வரைந்த படங்களோடு பதிப்பித்தார். முரண் வெளிப்படையானது. ஆங்கிலப் பேரரசின் கீழ் தாய்நாட்டின் மொழி மங்கியபோது, அதே பேரரசின் சம்பளத்தில் இன்னொரு அடிமை நாட்டில் இருந்தபடி ஒருவர் அந்த மொழியின் பழைய ஏடுகளைக் காத்தார்.

காத்தது போதுமா? 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் 18.7 லட்சம். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் 71,968 பேர். ஷானன் கரையில் இன்று கேட்பது ஆங்கிலம். அதே கணக்கெடுப்பில் கத்தோலிக்கர்கள் 69 சதவீதம். 2016ல் 79 சதவீதமாக இருந்தது. மேவின் மொழி சுருங்கியதுபோல், கீரானின் சபையும் சுருங்குகிறது. பழையதை நம்பாதவர்கள் ஒருமுறை காத்தார்கள். இப்போது இரண்டையுமே நம்பாத ஒரு தலைமுறையின் கையில் இரண்டும் வந்திருக்கின்றன. சீட்டு வாங்கிப் பார்க்கும் இடங்களாகக் காப்பது ஒரு வழி. டெரிக்ளாஸ் எழுத்தர் காத்த வழி வேறு.

இனி நதிக்குச் சொல்ல ஒரே ஒரு தீவுதான் மிச்சம். கில்ரஷ் துறையிலிருந்து கோடையில் படகு போகும் ஸ்கேட்டரி. காதக் என்ற நீர்ப் பூதத்தை விரட்டிவிட்டு புனித செனன் இங்கே மடம் கட்டினாராம். தீவின் ஐரிஷ் பெயரில் இருப்பது புனிதரல்ல, பூதம். பெண்களுக்கு அனுமதி இல்லை. கனேர் என்ற துறவிப் பெண் கடல்மேல் நடந்து வந்து சாவதற்கு இடம் கேட்டாள். செனன் மறுத்தார். கிறிஸ்து ஆண்களுக்காக மட்டுமா வந்தார், பெண்களுக்காகவும்தானே என்று அவள் வாதாடினாள். வென்றாள். அலை தொடும் விளிம்பில் அவளுக்குக் கல்லறை கிடைத்தது. ஸ்டோக்ஸ் பதிப்பித்த செனன் வரலாற்றில் இந்த வாதம் அப்படியே இருக்கிறது. மடத்துக்காரர்கள் தங்கள் புனிதர் தோற்ற கதையையும் மறைக்கவில்லை.

தீவின் கடைசிக் குடும்பத்தினர் 1978ல் வெளியேறினார்கள். வட்டக் கோபுரமும் காலி வீடுகளும் நிற்கின்றன. புதுப் படகு வாங்கிய கரையோர மீனவர்கள் முதலில் இந்தத் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம், சூரியன் போகும் திசையில். சுற்று செனனுக்கா, பூதத்துக்கா, அதற்கும் முந்தைய ஏதோ ஒன்றுக்கா? படகோட்டிக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. அட்லாண்டிக் பக்கத்தில் இருக்கிறது. சுற்றிவிட்டுப் போவதில் நஷ்டமில்லை.